எழுத்து நின்றுபோவது சோம்பலா?

8 ஜூன் 2024, காலை. ஒரு வாசகரின் கேள்வி

"‘எழுத வரவில்லை, பிளாக் ஆகிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள். கொத்தனாருக்கு இப்படி வருமா? பஸ் ஓட்டுநர் ‘இன்றைக்கு ஓட்ட வரவில்லை’ என்றால் டெப்போவில் சும்மா விடுவார்களா? உடம்பு வணங்காததற்கு வைத்த கௌரவமான பெயர் இது. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்."

8 ஜூன், மதியம்

இல்லை என்கிறேன்.

சோம்பல் பிடித்தவர் எழுதாமல் நிம்மதியாக இருப்பார். படம் பார்ப்பார், தூங்குவார், கேட்டால் சிரிப்பார். எழுத்து முடங்கியவர் விடிகாலையில் எழுந்து மேசையில் உட்காருகிறார். ஒரு வரி எழுதி, அடித்து, திரும்ப அதையே எழுதுகிறார். ஒன்பது மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பும்போது ஒரு நாள் முழுக்க உழைத்த களைப்போடு கிளம்புகிறார். இந்த இரண்டு பேரையும் ஒரே பெயரால் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

நான் ஒரு வார இதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள். தொடர்கதைப் பக்கங்கள் என் பொறுப்பு. நன்றாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நின்றுபோவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு நாவலின் நடுவில் நானே நிற்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை அவ்வளவு சீக்கிரம் விடப்போவதில்லை. கொத்தனார் விஷயம் நல்ல கேள்வி, அதற்குத் தனியாக வருகிறேன்.

8 ஜூன், இரவு

"இது மேல்நாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்டது" என்று ஒருவர் சொல்கிறார். ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். வியன்னாவிலிருந்து வந்து நியூயார்க்கில் தொழில் பார்த்த எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1940களில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கைக்குழந்தைப் பருவத்தில் தாயிடம் பட்ட ஏமாற்றத்தில் கொண்டுபோய் அவர் காரணத்தை நிறுத்தினார். அதை ஒட்டி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் வருவதற்கு முன்பும் ஆட்கள் நின்றுபோய்த்தான் இருந்தார்கள்.

கொஞ்சம் சிரிக்கவும் ஒன்று உண்டு. 1974இல் டெனிஸ் அப்பர் என்ற உளவியலாளர், தன் எழுத்து முடக்கத்துக்குத் தானே வைத்தியம் பார்த்துத் தோற்றது பற்றி ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். தலைப்பு இருக்கும், பெயர் இருக்கும், கீழே பக்கம் வெறுமையாக இருக்கும். மதிப்பீட்டாளரின் குறிப்பையும் சேர்த்தே அச்சிட்டார்கள். எலுமிச்சைச் சாறு விட்டும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் அகப்படவில்லை, திருத்தம் இல்லாமல் வெளியிடலாம் என்று அவர் எழுதியிருந்தார். ஐம்பது வருடம் கழித்தும் அதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வெள்ளைப் பக்கத்தை அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

9 ஜூன்

இப்போது கொத்தனார்.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தபோது வேலை பார்த்தவரைத் தினமும் கவனித்தேன். காலையில் வந்ததும் அவர் கரணையைத் தொட மாட்டார். முந்தைய நாள் கட்டிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். அது ஆடி நிற்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் சித்தாளிடம் கலவை கேட்பார். ஒரு நாள் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. குண்டைத் தொங்கவிட்டவர் வெகுநேரம் அப்படியே நின்றார்.

"என்னண்ணே, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றேன்.

"கீழ ரெண்டு வரி வெளிய தள்ளி நிக்குதும்மா. இதுமேல வச்சா வைக்க வைக்கத் தள்ளும்."

சித்தாளைக் கூப்பிட்டு மேல் வரிகளைப் பிரிக்கச் சொன்னார். கல்லில் ஒட்டியிருந்த கலவையைக் கரணையால் ஒவ்வொன்றாகச் சுரண்டி அடுக்கினார்கள். மதியம் வரை புதிதாக ஒரு கல்கூட ஏறவில்லை. அவர் கூலி குறையவில்லை. சோம்பேறி என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஆகவே கொத்தனாரும் நிற்கிறார். ஆனால் ஏன் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிகிறது, அதைக் காட்ட அவர் கையில் ஒரு குண்டு இருக்கிறது. அடுத்த கல் எங்கே போகும் என்பதும் தெரியும். அறைக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கல்லையும் வைக்கும்போது ‘இது தஞ்சைப் பெரிய கோயில் அளவுக்கு வருமா’ என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் அதைத்தான் கேட்கிறார். அடுத்து என்ன என்று தெரியாமல், யாரும் காத்திருக்காமல், அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே கொத்தனாரைச் சுவர் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் கை ஓடாது.

12 ஜூன்

காத்திருக்கும் ஆள் பற்றிக் கேட்டிருந்தார்கள். வார இதழில் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொடர்கதைக்கு ஓவியர் படம் போட வேண்டும். அத்தியாயம் கைக்கு வரும்வரை அவரால் காத்திருக்க முடியாது, பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். அதனால் எழுத்தாளருக்குப் போன் போட்டு "இந்த வாரம் என்ன சீன் சார்?" என்று கேட்பார். எழுத்தாளர் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் சொல்லியாக வேண்டும். "கதவைத் திறக்கிறாள், வாசலில் மாமனார் நிற்கிறார், கையில் பெட்டி இருக்கிறது" என்பார். ஓவியர் வரைந்துவிடுவார். அதன் பிறகு அந்த அத்தியாயம் எப்படியும் அந்தக் கதவுக்கு வந்தாக வேண்டும். எழுத வரவில்லை என்று புலம்பியவர்கள்கூட அந்தப் போனுக்குப் பிறகு எழுதி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம். வாயால் சொன்ன ஒரே ஒரு காட்சி அவர்களை அந்த வாரம் முழுக்க இழுத்துக்கொண்டு போகும்.

கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாரா வாரம் எழுதினார், மணியம் வாரா வாரம் வரைந்தார். அந்த நாவல் அத்தனை பெரிதாக வளர்ந்ததில் கல்கியின் திறமைக்கு உள்ள பங்கு எல்லாருக்கும் தெரியும். வாரக் கெடுவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது தொடர்கதைப் பக்கத்தில் உட்கார்ந்தவளாக என் எண்ணம்.

தஸ்தயேவ்ஸ்கி இன்னும் கொடுமையான கெடுவில் மாட்டினார். 1866 நவம்பர் 1க்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தைப் பதிப்பாளர் காசு தராமல் அச்சிட்டுக்கொள்ளலாம். கையில் வேறொரு பெரிய நாவல் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் பிறந்தும் இந்த நாவலில் ஒரு வரி இல்லை. அன்னா என்ற இருபது வயது சுருக்கெழுத்துக்காரப் பெண் வந்தார். இவர் இரவில் குறிப்பு எடுத்துவைத்து மதியம் சொல்வார். அவர் வீட்டுக்குப் போய் விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார். 26 நாளில் ‘சூதாடி’ முடிந்தது. அடுத்த வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கெடு அவரை விரட்டியது உண்மை. ஆனால் கெடு ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் தலைமேல் இருந்ததுதானே? எதிரில் ஒரு ஆள் பென்சிலோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் கதை நகர்ந்தது.

12 ஜூன், இரவு

"கெடுவுக்கு எழுதினால் தரம் போய்விடும்" என்கிற பதிலுக்கு: சில சமயம் போகும். எழுதாமலே இருந்தால் போவதற்குத் தரம் என்று ஒன்றே இருக்காது.

13 ஜூன்

டிராலப் பெயரை ஒருவர் இழுத்திருக்கிறார், நல்லது. அந்தோணி டிராலப் இங்கிலாந்துத் தபால் துறையில் அதிகாரியாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு பழைய வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். 47 நாவல்கள்.

அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் இந்தக் கடிகாரத்தைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அதன் பிறகுதான் கடிகாரம். என் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவது அதுதான். கால் மணிக்கு 250 சொல் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த அரை மணியை விட்டவர்களுக்கு டிராலப் முறை பலிக்காது.

16 ஜூன்

மூன்று நாளாக யோசித்ததில், எழுதாமல் இருப்பதுதான் முடக்கம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது போதாது என்று படுகிறது.

ஜோசப் மிட்செல் நியூ யார்க்கர் இதழில் எழுதியவர். 1964இல் ஒரு நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதற்குப் பிறகு 1996இல் சாகும்வரை அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தார், ஆனால் இதழில் புதிதாக எதுவும் வரவில்லை. இது நமக்குத் தெரிந்த வகை.

ரால்ஃப் எலிசன் கதை வேறு. 1952இல் வந்த முதல் நாவலிலேயே அமெரிக்காவின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர் ஆகிவிட்டார். இரண்டாவது நாவலை 1994இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். 1967இல் வீட்டில் தீப்பிடித்துக் கையெழுத்துப் பிரதியில் ஒரு பகுதி போனது. அதன் பிறகும் எழுதினார். ஆயிரக்கணக்கில் பக்கங்கள் சேர்ந்தன, நாவல் முடியவில்லை. அவர் போன பிறகு மற்றவர்கள் தொகுத்து 1999இல் ஒரு பகுதியும், 2010இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார்கள்.

இவரை யார் சோம்பேறி என்பார்கள்? தினமும் உட்கார்ந்தார். தினமும் எழுதினார். முடிக்க மட்டும் முடியவில்லை. முதல் நாவல் அவ்வளவு உயரத்தில் நின்றதால் இரண்டாவது எதையுமே ‘இது போதும்’ என்று சொல்லி வைக்க முடியாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். "தினமும் எழுது, சரியாகிவிடும்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் எலிசனை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப எழுதுவதும் சிலருக்கு முடக்கம்தான். வெளியே தெரியாது, அவ்வளவே.

23 ஜூன்

மௌனியை இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார் ஒரு நண்பர். சேர்க்காதீர்கள். வாழ்நாளில் இரண்டு டஜன் கதைகள்தான் எழுதினார் என்பதால் அவர் முடங்கிப்போனார் என்று ஆகாது. அவர் அளவு அது. சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966இல் வந்தது, அடுத்தது 1981இல். அந்தப் பதினைந்து வருடத்தை வெளியில் இருந்து பார்த்து நாம் என்ன பெயர் வைக்க முடியும்? ஒருவர் குறைவாக எழுதுவதை நோயாகப் பார்க்கும் பழக்கம் வாரா வாரம் பக்கம் நிரப்பிய என்னைப் போன்றவர்களிடம்தான் அதிகம் உண்டு.

எழுத விடாமல் தடுக்கப்பட்டவர்களையும் இதில் கலக்க வேண்டாம். கவிஞர் சல்மா, வீட்டில் எழுதத் தடை இருந்த காலத்தில் இரவில் கழிப்பறைக்குள் போய் எழுதியதைத் தானே சொல்லியிருக்கிறார். சொல் வராமல் அவர் தவிக்கவில்லை. வந்த சொல்லை வைக்க இடம் இல்லாமல் தவித்தார். பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தது ஊரார் நெருக்கியதால். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் கவிதைத் தொகுப்போடு திரும்பி வந்தார். இவர்களுக்கு ‘தினமும் மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள்’ என்று யோசனை சொல்ல முடியுமா?

பெண்களிடமிருந்து வந்த பதில்களைப் படிக்கும்போது இந்தக் கோடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: காலையில் டிபன் கட்டி, பிள்ளைகளை வேன் ஏற்றி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து முடித்து உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை, எனக்குத் திறமை தீர்ந்துவிட்டதா என்று. அம்மா, தீரவில்லை. உங்களுக்கு நேரம் இல்லை. வீட்டில் இருக்கும் மற்றவர்களிடம் அதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. உங்களை நீங்களே குறை சொல்லி முடிகிற காரியம் அல்ல இது.

6 ஜூலை

ஆய்வேடு எழுதும் மாணவி ஒருவர் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். முன்னுரையின் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை என்கிறார். முதல் பத்தி சரியாக அமையாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறாராம்.

மைக் ரோஸ் என்ற பேராசிரியர் கலிபோர்னியாவில் பத்து மாணவர்களை வைத்து இதைப் பார்த்து 1980இல் எழுதினார். ஐந்து பேர் எழுத முடியாமல் தவித்தவர்கள், ஐந்து பேர் தவிக்காதவர்கள். தவித்தவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் உடைக்கவே முடியாத ஒரு சட்டம் இருந்தது. முதல் பத்தியிலேயே வாசகரைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்பது ஒருவருடைய சட்டம். அந்தப் பத்தியிலேயே சிக்கிக்கொண்டார். தவிக்காத ஐந்து பேரிடமும் விதிகள் இருந்தன. ஆனால் வேலைக்கு ஆகாதபோது தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதனால், முதல் பத்தியை விடுங்கள். அதிகம் தெரிந்த இயலில், அதிகம் தெரிந்த பக்கத்தில் தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். ஆய்வேடு எழுதி முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு முள் உண்டு. கதை நமக்குள் பேச்சில் ஓடுகிறது. "அவன் வந்தான்ல, வந்ததும் நேரா அடுப்படிக்குத்தான் போனான்" என்று கேட்கிறது. தாளில் வைக்கும்போது ‘அவன் வந்ததும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தான்’ என்று ஆகிறது. சரியான வாக்கியம்தான், ஆனால் சொன்னவளின் குரல் போய்விடுகிறது. அடுத்த வாக்கியமும் இப்படியே விறைத்துக்கொள்ளும். ஐந்தாவது வாக்கியத்தில் கதையே அந்நியமாகி, எழுதுகிறவர் பேனாவை மூடிவிடுகிறார். திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். நிஜத்தில், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யப் போய் நின்றிருக்கிறார்.

நான் செய்வது: வரவில்லை என்றால் எழுதுவதில்லை, சொல்கிறேன். போனில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, என் தங்கையிடம் ஊர்க்கதை சொல்வதுபோல முழுக் காட்சியையும் மதுரைப் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். அப்புறம் கேட்டுக் கேட்டு எழுதுவேன். எது எழுத்து நடைக்கு மாற வேண்டும், எது பேச்சாகவே இருக்க வேண்டும் என்று அப்போது காது சொல்லும். சொல்வதும் திருத்துவதும் வேறு வேறு நேரத்தில் நடக்கிறது, அதுதான் விஷயம்.

6 ஜூலை, சற்று நேரம் கழித்து

பதிவு செய்தால் வீட்டில் சிரிக்கிறார்கள் என்று ஒருவர். மொட்டை மாடிக்குப் போங்கள்.

7 ஜூலை

நிற்காமல், திருத்தாமல் பத்து நிமிடம் எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பீட்டர் எல்போ 1973இல் தன் புத்தகத்தில் வலியுறுத்திய பயிற்சி அது. கையால் எழுதுகிறவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. திரையில் தமிழ் தட்டும்போது எனக்கு அது ஓடுவதில்லை. ஒற்று விழுந்ததா, லகரம் மாறிவிட்டதா என்று கண் பின்னாலேயே போகிறது, விரல் அழிப்பானைத் தேடுகிறது. அதனால் இந்தப் பயிற்சிக்கு மட்டும் பழைய மெய்ப்புத் தாள்களின் பின்பக்கமும் பென்சிலும். தாளின் முன்பக்கம் ஏற்கெனவே வேறு யாருடையதோ எழுத்து இருப்பதால் அது ‘நல்ல தாள்’ என்ற பயமும் இல்லை. புது டைரியில் எழுத முடியாதவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

21 ஜூலை

இரண்டு வாரமாக இங்கே வரவில்லை. ஆனால் ஒரு பதில் மனசை விட்டுப் போகவே இல்லை. முதல் கதை ஒரு இணைய இதழில் வந்தது, கீழே வந்த கருத்துகளில் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

தம்பி, ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் முதல் சிம்பொனி 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. படுதோல்வி. சீசர் குய் என்ற விமர்சகர், நரகத்தில் ஓர் இசைப்பள்ளி இருந்தால் அங்கே இது கொண்டாடப்படும் என்ற தொனியில் எழுதினார். ரக்மானினோவுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. அடுத்த மூன்று வருடம் அவரால் பெரிதாக ஒன்றும் படைக்க முடியவில்லை. 1900இல் நிகோலாய் தால் என்ற மருத்துவரிடம் போனார். தால் மனவசிய சிகிச்சை செய்தார். அவரே இசை வாசிக்கத் தெரிந்தவர், இசை பற்றி நிறையப் பேசுவார். அதன் பிறகு எழுந்ததுதான் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. 1901இல் முழுமையாக அரங்கேறியது. அதைத் தாலுக்கே சமர்ப்பணம் செய்தார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியதாக நான் நினைப்பது இரண்டு. அந்த மூன்று வருடத்தில் அவர் இசையை விட்டு ஓடவில்லை. ஒரு ஓபரா குழுவில் இசை நடத்துநராக வேலை பார்த்தார், மற்றவர்கள் எழுதியதை எடுத்து நடத்தினார். நீங்களும் மொழிபெயர்க்கலாம், மெய்ப்புப் பார்க்கலாம், பிடித்த கதையை வரிக்கு வரி கையால் பிரதி எடுக்கலாம். இன்னொன்று, அவர் தனியாக இதிலிருந்து மீண்டு வரவில்லை. உதவி கேட்டார்.

இதை ஒட்டி அழுத்தமாகச் சொல்ல வேண்டியது: எழுத்து மட்டும் நின்றிருந்தால் நாம் இங்கே பேசுகிற விஷயங்கள் உதவும். தூக்கம் போய், பசி போய், முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் வாரக்கணக்கில் கிடந்தால் அது எழுத்து சம்பந்தப்பட்டதே இல்லை. மருத்துவரைப் பாருங்கள். எழுத்து அப்புறம்.

3 ஆகஸ்ட்

என் நாவல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். நகர்ந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், ஜூன் மாதம் கொத்தனாரை வைத்துச் சொன்னதற்கு இதுதான் என் சாட்சி.

கதை ஒரு சின்ன ஊரில் அச்சகம் நடத்தும் குடும்பத்தைப் பற்றியது. ஆஃப்செட் அச்சு வந்த பிறகு, ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் பழைய ட்ரெடில் மெஷினுக்கு வேலை இல்லை. ஈய எழுத்துகளைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போடுகிறார்கள். அந்த எடை போடும் நாளில் வந்து நின்றுவிட்டேன். தராசு இருக்கிறது, சாக்கு இருக்கிறது, பழைய இரும்புக் கடைக்காரர் இருக்கிறார், அப்பா இருக்கிறார், யாருமே அசைய மாட்டேன் என்கிறார்கள். அப்பாவை அழவைத்துப் பார்த்தேன். கோபப்படவைத்துப் பார்த்தேன். மழை பெய்யவைத்தும் பார்த்தேன். ஒவ்வொன்றும் நாடகமாக இருந்தது. வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் அத்தியாயங்களைப் பென்சிலோடு படித்தேன். மூன்று அத்தியாயம் முன்னால், சாப்பாட்டு நேரத்தில் அப்பா எல்லாரையும் கூப்பிட்டு அச்சகத்தை மூடப்போவதாகச் சொல்கிறார். நல்ல காட்சி, எழுதும்போது சந்தோஷமாக எழுதினேன். ஆனால் அங்கேயே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. அழவேண்டியவர்கள் அங்கேயே அழுதுவிட்டார்கள். எடை போடும் நாளுக்கு என்று ஒன்றுமே மிச்சம் இல்லை.

சாப்பாட்டுக் காட்சியை எடுத்தேன். இப்போது அப்பா யாரிடமும் சொல்வதில்லை. முப்பது வருடம் அங்கே அச்சுக் கோத்த பெரியவர் வழக்கம்போலக் காலையில் வருகிறார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு எழுத்து எடுக்கக் கையை நீட்டும்போது வாசலில் தராசு இறங்குகிறது. அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. பெரியவர் கையில் எடுத்த ‘ஸ்ரீ’யை எழுத்துப் பெட்டியில் அதன் அறையில் திரும்ப வைப்பதா, சாக்கில் போடுவதா என்று தெரியாமல் நிற்கிறார். இதை எழுதியபோது நான் எதையும் யோசிக்கவில்லை, பார்த்து எழுதினேன்.

எனவே என் அனுபவத்தில், எழுத்து நின்ற இடத்தில் பழுது இருப்பது அபூர்வம். அதற்கு முன்னால் எங்கோ, பெரும்பாலும் நமக்குப் பிடித்த ஒரு பக்கத்தில் இருக்கும். பிடித்த பக்கம் என்பதால் கண் அங்கே போகாது.

4 ஆகஸ்ட்

ஒரு திருத்தம் தேவை. ‘பெரும்பாலும்’ என்று நான் சொன்னது கதைக்கும் நாவலுக்கும். கவிதைக்கு இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கவிதைக்கு முந்தைய பக்கம் என்று ஒன்று கிடையாது. அங்கே காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே தன் துயினோ எலிஜிகள் என்ற கவிதை வரிசையை 1912இல் தொடங்கி 1922இல்தான் முடித்தார். நடுவில் ஒரு போர் வந்துபோனது. அந்தப் பத்து வருடத்தில் அவர் எந்தப் பக்கத்தைத் திருத்தியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்? கவிஞர்கள் யாராவது விரிவாக எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஹெமிங்வே சொன்னதைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள்: அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிடு என்பது. உரைநடைக்கு இதைவிட நல்ல வழக்கம் எனக்குத் தெரியாது. ஓவியர் போனில் கேட்ட கேள்வியை நமக்கு நாமே முந்தைய நாளே கேட்டுக்கொள்வதுதான் அது.

10 ஆகஸ்ட்

ஜூனில் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், படித்திருப்பீர்கள். அவர் அண்ணன் ஒரு நாவலைப் பாதியில் விட்டுவிட்டாராம். வீட்டில் எல்லாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவர் எழுத்துப் பேச்சையே எடுப்பதில்லையாம். கேள்வி அங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நண்பரே, அண்ணனிடம் ‘எழுது’ என்று சொல்ல வேண்டாம். அந்தப் பாதி நாவலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள் என்றோ அந்த வீடு யாருக்குப் போனது என்றோ, கதைக்குள் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற பேச்சே வேண்டாம். உங்களுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால்தான் கேளுங்கள். அவருக்குத் தெரிந்துவிடும்.

மற்றவர்களுக்கு: காத்திருக்க ஆள் இல்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் காத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேருடைய பக்கங்களைப் படிக்க என்னால் முடியும். ஆளுக்கு இரண்டு பக்கம். சனி இரவுக்குள் அனுப்புங்கள். கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினாலும் சரி, பேசிப் பதிவு செய்தாலும் சரி. பிழை திருத்த மாட்டேன், மதிப்பெண் போட மாட்டேன், அடுத்து என்ன என்று மட்டும் கேட்பேன். ஆய்வு மாணவியும் அந்தத் தம்பியும் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். ஓர் இடம் இருக்கிறது. இதேபோல வேறு யாராவது இரண்டு மூன்று பேருக்குக் காத்திருக்க முடியும் என்றால் கீழே எழுதுங்கள், ஊரும் எந்த நாள் வசதி என்பதும் சேர்த்து.